வீடியோ பார்க்காமல் வகுப்புக்கு வந்தவர்கள்: ஒரு கலப்புக் கற்றல் பாடத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

முதலாம் ஆண்டு மாணவர்களுக்கான புள்ளியியல் அறிமுகப் பாடம் இது. நூற்றைம்பது பேருக்கு மேல் படித்தார்கள். பெரும்பாலானோர் புள்ளியியலை விரும்பி எடுத்தவர்கள் அல்ல. உளவியல், வணிகவியல், உயிரியல் என்று வேறு துறைகளில் சேர்ந்து, அங்கே இது கட்டாயம் என்பதால் வந்து உட்கார்ந்தவர்கள். வாரத்துக்கு இரண்டு விரிவுரை, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் என்று வெகுநாளாக நடந்துவந்த பாடத்தைத் துறை கலப்பு முறைக்கு மாற்றியது. ஒரு விரிவுரை ஆன்லைனுக்குப் போகும், மற்றது நேரில் நடக்கும். நேரில் நடப்பது விரிவுரையாக இல்லாமல் கணக்குப் போட்டுப் பார்க்கும், கேள்வி கேட்கும், விவாதிக்கும் நேரமாக இருக்கும். திட்டம் நல்ல திட்டம்தான். காகிதத்தில் படித்த யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

பாடத்தை நடத்தியவர் அனுபவம் உள்ள பேராசிரியர், மாணவர்கள் மேல் அக்கறை உள்ளவர். விடுமுறை முழுக்க உட்கார்ந்து வீடியோக்களைப் பதிவு செய்திருந்தார். நான் பல்கலைக்கழகத்தின் கற்றல் ஆதரவுக் குழுவில் வேலை செய்கிறேன். செமஸ்டரின் நான்காவது வாரத்தில் அவர் எங்களைக் கூப்பிட்டார். அவர் சொன்னது சுருக்கமாக இதுதான்: யாரும் வீடியோ பார்ப்பதில்லை, வகுப்பில் யாரும் வாயைத் திறப்பதில்லை, வருகிறவர்களும் குறைந்துகொண்டே போகிறார்கள், இந்தப் பிள்ளைகளுக்குத் தாமாகப் படிக்கும் பழக்கமே இல்லை.

கடைசியில் சொன்னதை நாங்கள் ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. முதலில் போய்ப் பார்க்கலாம் என்று முடிவு செய்தோம்.

வகுப்பில் பார்த்தது

பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பேராசிரியர் வந்ததும் "எல்லாரும் வீடியோ பார்த்துட்டீங்களா?" என்று கேட்டார். நாலைந்து கைகள் பாதி உயர்ந்தன, மற்றவர்கள் மேசையைப் பார்த்தார்கள். அவர் ஒரு நிமிடம் காத்திருந்துவிட்டு, "சரி, சுருக்கமா ஒரு தடவை சொல்லிடறேன்" என்று ஆரம்பித்தார். அந்தச் சுருக்கம் முடிய நாற்பது நிமிடம் ஆனது. வீடியோவில் இருந்தது அப்படியே, அதே ஸ்லைடுகளோடு. கணக்குப் போட மிச்சமிருந்த நேரத்தில் ஒரே ஒரு கணக்குதான் ஓடியது, அதையும் அவரே பலகையில் போட்டுக் காட்டினார்.

எனக்கு முன்னால் இருந்த மாணவி வீடியோவைப் பார்த்து, பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்துக்கொண்டு வந்திருந்தார். மறுபடி முதலிலிருந்து பாடம் ஆரம்பித்தபோது குறிப்பேட்டை மூடிவிட்டு போனை எடுத்தார். வகுப்பு முடிந்ததும் அவரிடம் பேசினேன். "இனிமே நானும் பார்க்கப் போறதில்ல, எப்படியும் மேடம் இங்க சொல்லிடறாங்க" என்றார். அதில் கோபம் ஒன்றும் இல்லை. இருக்கிற நேரத்தை எங்கே செலவழிப்பது என்று யோசிக்கிற எவரும் வரக்கூடிய முடிவுக்குத்தான் அவரும் வந்திருந்தார்.

இந்த ஒரு காட்சிதான் எங்களுக்குப் பிடி கொடுத்தது. மாணவர்கள் வீடியோ பார்க்காததால் பேராசிரியர் மறுபடி நடத்துகிறார், மறுபடி நடத்துவதால் மாணவர்கள் வீடியோ பார்ப்பதில்லை. வீடியோ பார்க்காதவருக்கு வகுப்பில் எந்த இழப்பும் இல்லை, பார்த்தவருக்கு ஒரு மணி நேரம் வீண். ஆக, தயாராகி வருவதற்குத்தான் அங்கே தண்டனை இருந்தது.

மூடில் பதிவுகளில் பார்த்தது

பாடம் மூடில் (Moodle) என்ற ஆன்லைன் கற்றல் தளத்தில் இருந்தது. அதன் பதிவேடுகளைத் திறந்தபோது முதலில் கண்ணில் பட்டது பச்சை டிக் குறிகள். கணிசமான பேர் வீடியோக்களை 'முடித்ததாக' அது காட்டியது. ஆனால் பக்கத்தைத் திறந்தாலே டிக் விழும்படி அமைத்திருந்தார்கள், அதனால் அந்தக் கணக்கை வைத்து எதையும் சொல்ல முடியாது. வீடியோ ஓடிய நேரத்தைத் தனியாக எடுத்துப் பார்த்தோம். பெரும்பாலானோர் முதல் சில நிமிடங்களிலேயே நிறுத்தியிருந்தார்கள். வீடியோ ஒவ்வொன்றும் 45 நிமிடம்.

இன்னொன்றும் அங்கே தெரிந்தது. முழுதாகப் பார்த்த சிறு கூட்டம் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போயிருந்தது: திட்ட விலக்கத்திலிருந்து திட்டப் பிழைக்குப் பாடம் தாவும் இடம். இரண்டும் ஒரே மாதிரி ஒலிக்கிற பெயர்கள், இரண்டுக்கும் பரவலோடு சம்பந்தம் உண்டு, ஆனால் ஒன்று தனித்தனி அளவீடுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பது, மற்றது, ஆய்வுக்கு எடுக்கும் மாதிரிக் குழு மாறமாற அந்தச் சராசரியே எவ்வளவு ஆடும் என்பது. வீடியோ அந்த இடத்தை அரை நிமிடத்தில் கடந்துவிட்டது. நேரில் நடத்தியிருந்தால் எதிரில் இருக்கும் முகங்களைப் பார்த்து அவர் நின்றிருப்பார். கேமராவைப் பார்த்துப் பேசும்போது யாருடைய முகச்சுளிப்பும் கண்ணில் படாது.

வாராந்தர வினாத்தேர்வுக்குக் கெடு ஞாயிறு நள்ளிரவு, வகுப்பு திங்கள் காலை. எனவே மாணவர்களின் பதில்களைப் பேராசிரியர் படித்துவிட்டு வகுப்புக்கு வர வழியே இல்லை. நிறையப் பேர் ஞாயிறு இரவு கடைசி ஒரு மணி நேரத்தில் திறந்து, மூன்று நிமிடத்தில் முடித்திருந்தார்கள். வீடியோவைப் பார்க்காமல் கேள்வியைப் படித்து ஊகித்திருக்கிறார்கள் என்பது தெளிவாகவே தெரிந்தது.

மாணவர்களிடம் கேட்டபோது

சிறு சிறு குழுக்களாக மாணவர்களைச் சந்தித்தோம். தொடர்ந்து வருகிறவர்களோடு நிறுத்திக்கொள்ளாமல், தளத்துக்குள்ளேயே வராதவர்களையும் தேடிப்பிடித்துப் பேசினோம். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் கருத்துக் கணிப்புப் படிவம் அனுப்பினால் பதில் போடுபவர்கள் ஏற்கெனவே ஈடுபாட்டோடு இருப்பவர்கள்தான். காணாமல் போனவர்கள் அதிலும் காணாமல் போவார்கள்.

முதலில் வந்த குறை வேலைப்பளு. அது சாக்கு என்றுதான் பேராசிரியர் நினைத்தார். அப்புறம் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தோம். ஆன்லைனுக்குப் போனது ஒரு மணி நேர விரிவுரை. அதன் இடத்தில் வந்தது 45 நிமிட வீடியோ இரண்டு, ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிடிக்கும் வாசிப்பு, அரைமணி நேர வினாத்தேர்வு, விவாதப் பகுதியில் ஒரு பதிவும் இரண்டு பதில்களும், அதற்கு இன்னொரு அரைமணி. மொத்தம் மூன்றரை மணி நேரம். ஒரு மணி நேரத்தை எடுத்துவிட்டு மூன்றரை மணி நேரத்தை வைத்திருக்கிறார்கள். பழைய பாடத்தை அப்படியே வைத்துக்கொண்டு அதன் தலைமேல் இன்னொரு அரைப் பாடத்தை ஏற்றும் இந்தத் தவறு கலப்புக் கற்றலில் அடிக்கடி நடக்கிறது. அமெரிக்கக் கல்வித்துறை 2010இல் வெளியிட்ட, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வு, நேரடி வகுப்பை மட்டும் நம்பிய பாடங்களைவிடக் கலப்பு முறையில் ஓரளவு கூடுதல் பலன் இருந்ததாகச் சொன்னது. கூடவே, கலப்பு வகுப்புகளில் படிக்கும் நேரமும் பாடப்பொருளும் பெரும்பாலும் கூடுதலாக இருந்தன, எனவே பலனை ஆன்லைன் என்பதன் கணக்கில் மட்டும் எழுத முடியாது என்றும் எச்சரித்தது. கூடுதல் நேரம் உதவும், சரி. ஆனால் அந்த நேரம் மாணவரிடம் இருக்க வேண்டும்.

இரண்டாவது குறையை யாரும் குறையாகச் சொல்லவில்லை, பேச்சுவாக்கில் வெளியே வந்தது. எப்போது என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. இந்த மணிக்கு இந்த அறை என்று இருந்தால் கால்கள் தானாகப் போய்விடும். ஆன்லைன் பகுதிக்கு மணியும் இல்லை, அறையும் இல்லை. பள்ளியை விட்டு வந்து சில வாரங்களே ஆன பதினெட்டு வயதுக்காரரிடம் 'உங்கள் வசதிப்படி எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம்' என்றால், அது சுதந்திரமாகத்தான் கேட்கிறது. ஆனால் கெடு வைத்த மற்ற பாடங்களுக்கு இடையில் 'எப்போது வேண்டுமானாலும்' என்பதற்கு முறை வருவதே இல்லை.

ஒரு மாணவரின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் மாலையிலிருந்து இரவு வரை வேலைக்குப் போகிறவர், வீடு திரும்பப் பத்தரை ஆகும். பதிவேட்டில் அவருக்கு மூன்று வினாத்தேர்விலும் பூஜ்யம். பேராசிரியரின் பட்டியலில் 'ஈடுபாடு இல்லாதவர்'. பேசிப் பார்த்தால், மூன்றையும் எழுதியிருக்கிறார். மூடிலில் வினாத்தேர்வை எழுதி முடித்ததும் 'முயற்சியை முடி' என்று ஒரு பொத்தான் வரும். அதை அழுத்தினால் கேள்விகளின் சுருக்கப் பட்டியல் வரும். அந்தப் பக்கத்தின் அடியில் 'அனைத்தையும் சமர்ப்பித்து முடி' என்று இன்னொன்று இருக்கும், அதையும் அழுத்தி, உறுதிதானா என்று கேட்கும்போது மறுபடி ஒரு தடவை சம்மதம் சொல்ல வேண்டும். அவர் போனில் எழுதியவர். முதல் பொத்தானை அழுத்தியதும் 'பதில் சேமிக்கப்பட்டது' என்று வந்ததைப் பார்த்து மூடிவிட்டார். சின்னத் திரையில் இரண்டாவது பொத்தான் கீழே எங்கேயோ இருந்தது. நேரம் முடிந்தால் தானாகச் சமர்ப்பிக்கும் அமைப்பு இந்தப் பாடத்தில் அணைக்கப்பட்டிருந்தது. எழுதிய பதில்கள் அத்தனையும் உள்ளே கிடந்தன, மதிப்பெண் மட்டும் விழவில்லை. "பூஜ்யம் வந்ததைப் பார்த்து, எனக்கு இந்தப் பாடம் வராதுன்னு விட்டுட்டேன்" என்றார். யாரிடமும் கேட்கவில்லை. கேட்பதற்கு ஓர் ஆள் இருப்பதாக அவருக்குத் தோன்றவே இல்லை.

இன்னும் சிலர் இதே இடத்தில் மாட்டியிருந்ததைப் பிறகு கண்டுபிடித்தோம். எல்லாரும் போனில் எழுதியவர்கள்.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

பொத்தான் விஷயத்தை அன்றே சரிசெய்தோம்: தானாகச் சமர்ப்பிக்கும் அமைப்பு இயக்கப்பட்டது, உள்ளே கிடந்த பதில்கள் மதிப்பிடப்பட்டன, அந்த மாணவர்களுக்குத் தனித்தனியாகத் தகவல் சொல்லப்பட்டது. மற்ற முடிவுகளுக்கு நேரம் பிடித்தது.

முதல் முடிவு, வகுப்பில் வீடியோவை மறுபடி நடத்துவதில்லை. பேராசிரியருக்கு இது மிகக் கடினமாக இருந்தது. புரியாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது என்று கேட்டார், நியாயமான கேள்வி. சும்மா இருக்க வேண்டாம் என்றோம். புரியாத இடம் எது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு அதை மட்டும் எடுக்கலாம். அதற்கு வகுப்புக்கு முன்னால் பதில்கள் கையில் வந்திருக்க வேண்டும். எனவே வினாத்தேர்வின் கெடுவை வகுப்புக்கு முந்தைய நாள் நண்பகலுக்குக் கொண்டுவந்தோம். வகுப்பும் திங்களிலிருந்து வியாழனுக்கு மாறியது. அறை கிடைக்க அலைய வேண்டியிருந்தது, ஆனால் அது இல்லாமல் மற்ற எதுவும் நடந்திருக்காது. இந்த யோசனை எங்களுடையது அல்ல. கிரெகர் நோவாக்கும் அவருடைய சகாக்களும் 1990களில் இயற்பியல் பாடங்களில் இப்படிச் செய்து காட்டியிருக்கிறார்கள்: மாணவர்கள் வகுப்புக்குச் சில மணி நேரம் முன்பு அனுப்பும் பதில்களைப் பார்த்து ஆசிரியர் அன்றைய வகுப்பைத் திருத்தியமைப்பார்.

ஒவ்வொரு வினாத்தேர்வின் கடைசியிலும் மதிப்பெண் இல்லாத ஒரு கேள்வி சேர்த்தோம்: 'இந்த வாரம் எந்த இடத்தில் குழம்பினீர்கள்? ஒரு வரி போதும்.' புதன் மாலை பேராசிரியர் அந்த வரிகளைப் படிப்பார். வியாழன் வகுப்பின் முதல் ஸ்லைடில் அவற்றில் மூன்றோ நாலோ, எழுதியவர் பெயர் இல்லாமல், எழுதியபடியே இருக்கும்.

இரண்டாவது முடிவு வேலையைக் குறைப்பது. 45 நிமிட வீடியோக்களை வெட்டினோம். பிலிப் குவோவும் சகாக்களும் 2014இல் எட்எக்ஸ் (edX) என்ற இணையப் பாடத் தளத்தின் 69 லட்சம் வீடியோ அமர்வுகளை ஆராய்ந்தபோது, வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் தொடர்ந்து பார்க்கும் நேரத்தின் இடைநிலை அளவு (median) ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை என்று கண்டார்கள். அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை, அது திறந்த இணையப் பாடங்களின் கணக்கு. ஆனால் எங்கள் பதிவேடும் அதே திசையைத்தான் காட்டியது. ஒவ்வொரு வாரமும் ஆறிலிருந்து எட்டு நிமிடம் ஓடும் மூன்று துண்டுகள், ஒவ்வொன்றின் பின்னாலும் இரண்டு கேள்விகள். திட்டப் பிழை வரும் இடத்தைப் புதிதாகப் பதிவு செய்யச் சொன்னோம், அதற்கு மட்டுமே ஒரு முழுத் துண்டு. விவாதப் பகுதிப் பதிவைத் தூக்கிவிட்டோம். அங்கே 'நல்ல கருத்து, நானும் ஒத்துக்கொள்கிறேன்' என்பதைத் தவிர எதுவும் எழுதப்படவில்லை. வாசிப்பை விருப்பப் பகுதியாக்கினோம். மொத்தம் ஒரு மணி நேரத்துக்கு வந்து நின்றது.

கேள்விகளை ஏன் துண்டுக்குத் துண்டு வைத்தோம் என்பதற்கும் காரணம் உண்டு. ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006இல் வெளியிட்ட சோதனையில், படித்ததைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள், ஒரு வாரம் கழித்து வைத்ததில் நினைவிலிருந்து எடுத்து எழுதிப் பழகியவர்கள் முந்தினார்கள். வீடியோவை இன்னொரு முறை ஓடவிடுவது திரும்பப் படிப்பதற்குச் சமம். அதனால் பதில் தவறானால் மறுபடி முயலலாம், அதிக மதிப்பெண்தான் கணக்கு என்று வைத்தோம். மதிப்பெண் மிகக் குறைவு, தப்பு செய்தால் நஷ்டமில்லை.

மூன்றாவது, நேரத்தைக் குறித்துக் கொடுப்பது. அடுத்த வகுப்பிலேயே பத்து நிமிடம் ஒதுக்கி, ஒவ்வொரு மாணவரும் தன் போன் காலண்டரைத் திறந்து, வாரத்தில் இந்தப் பாடத்தின் ஆன்லைன் பகுதிக்கான ஒரு மணி நேரத்தைக் குறித்துக்கொள்ளச் செய்தார் பேராசிரியர். அறிவுரையாகச் சொல்லி விட்டிருந்தால் நடந்திருக்காது, அங்கேயே உட்கார்ந்து செய்யவைத்ததால் நடந்தது. நேரம் கிடைக்கவில்லை, வீட்டில் இடமில்லை என்றவர்களுக்காக ஒரு கணினி அறையை வாரத்தில் இரண்டு மாலை திறந்து வைத்தோம். மூத்த மாணவர் ஒருவர் அங்கே இருப்பார், பாடம் நடத்த அல்ல, பக்கத்தில் ஆள் இருக்க. வீடியோக்களைத் தரவிறக்கும்படி வைத்தோம், கோப்பின் அளவைப் பக்கத்திலேயே எழுதினோம்.

நான்காவது, விட்டுப்போனவர்கள் திரும்பி வரும் வழி. தளத்தைத் திறந்தால் முடிக்காத பணிகள் சிவப்பில் வரிசையாக நின்றன. அதைப் பார்த்த மாணவர் உடனே மூடிவிடுகிறார் என்று பலர் சொன்னார்கள். பழைய வாரங்களைத் தனிப் பக்கத்துக்கு நகர்த்தினோம், நடப்பு வாரம் மட்டும் முகப்பில் தெரியும். சில வாரங்களைத் தவறவிட்டாலும் மதிப்பெண் பாதிக்காதபடி சிறந்த வினாத்தேர்வுகளை மட்டும் எடுத்துக்கொள்வது என்று முடிவானது. அவர்களுக்குப் போகும் செய்தியையும் மாற்றினோம். முன்பு தளமே அனுப்பியது: 'நீங்கள் 9 பணிகளை முடிக்கவில்லை.' புதிய செய்தியை மூத்த மாணவர்கள் தங்கள் பெயரில் அனுப்பினார்கள்: 'இந்த வாரம் ஏழு நிமிட வீடியோ ஒண்ணு, அதுல ரெண்டு கேள்வி. அதை மட்டும் பாருங்க. பழசை அப்புறம் பார்த்துக்கலாம். சந்தேகம்னா இதே நம்பர்ல கேளுங்க.'

பதிவேட்டை வைத்து யார் யார் பார்க்கவில்லை என்று வகுப்பில் பட்டியல் போடலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னோம். அந்தத் தரவு உதவி தேவைப்படுபவரைக் கண்டுபிடிக்க இருக்கிறது. அதை வைத்து ஒருவரை நாலு பேர் முன்னால் நிறுத்தினால் அடுத்த வாரம் வீடியோவை ஓடவிட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பார்கள், அப்போது தரவும் பொய்யாகிவிடும்.

வகுப்பு எப்படி மாறியது

மாற்றத்துக்குப் பிறகு நான் போய் உட்கார்ந்த ஒரு வகுப்பைச் சொல்கிறேன். முதல் ஸ்லைடில் மாணவர்கள் எழுதியிருந்த குழப்பங்களில் ஒன்று: 'மாதிரி பெரிசானா பிழை குறையும்னு புரியுது, எவ்வளவு குறையும்னு புரியல.' பேராசிரியர் ஒரு கேள்வியைப் போட்டார். திட்ட விலக்கம் 12, மாதிரியில் 36 பேர், திட்டப் பிழை 2. மாதிரியை நான்கு மடங்காக்கி 144 பேர் எடுத்தால் திட்டப் பிழை எவ்வளவு? முதலில் ஒவ்வொருவரும் தனியாகப் பதிலைத் தேர்ந்தெடுக்க வேண்டும், யாரோடும் பேசக்கூடாது. பாதிக்கு மேல் 0.5 என்றார்கள். சரியான விடையை அவர் சொல்லவில்லை. "பக்கத்துல வேற பதில் போட்டவரைக் கண்டுபிடிச்சு, உங்க பதிலை ஒத்துக்கவைங்க" என்றார்.

அறை நிறையப் பேச்சு. என் பக்கத்தில் இருந்த இருவரில் ஒருவர், "நாலு மடங்குன்னா நாலால வகுக்கணும்ல?" என்றார். மற்றவர் குறிப்பேட்டில் எழுதிக் காட்டினார்: 144இன் வர்க்கமூலம் 12, பன்னிரண்டைப் பன்னிரண்டால் வகுத்தால் 1. "வகுக்கறது எண்ணிக்கையால இல்ல, அதோட வர்க்கமூலத்தால. அப்போ பாதியாதான் ஆகும்." முதலில் பேசியவர் கொஞ்ச நேரம் அந்த எண்களையே பார்த்துவிட்டு, "அப்போ பிழையைப் பாதியாக்க நாலு மடங்கு ஆள் வேணுமா, செலவு ஜாஸ்தியாச்சே" என்றார். புள்ளியியலில் ஓர் ஆய்வைத் திட்டமிடுபவர் கேட்கும் கேள்வியே அதுதான். இரண்டாம் முறை பதில் எடுத்தபோது பெரும்பாலானோர் 1 என்று வந்துவிட்டார்கள். எரிக் மசூர் ஹார்வர்டில் 1990களின் தொடக்கத்திலிருந்து இயற்பியலில் செய்துவந்த முறை இது, நாங்கள் எடுத்துப் போட்டதோடு சரி. வீடியோவில் ஏழு நிமிடம் பார்த்துவிட்டு வந்தால்தான் இந்தப் பேச்சில் கலந்துகொள்ள முடியும், பார்க்காதவர் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். யாரும் மிரட்டாமலே வீடியோவுக்கு ஒரு காரணம் வந்துவிட்டது.

வந்த எதிர்ப்பு

எல்லாம் சுமுகமாகப் போகவில்லை. இரண்டு மூன்று வாரம் கழித்து மாணவர் பிரதிநிதிகள் துறைத் தலைவரிடம் போனார்கள். "மேடம் பாடமே நடத்தறதில்ல, நாங்களே படிச்சு நாங்களே பேசிக்கறோம்" என்பது புகார். நன்றாகப் படிக்கும் மாணவர்கள்தான் இதைச் சொன்னார்கள், அதனால் துறைத் தலைவர் கவலைப்பட்டார். பழைய முறைக்கே போய்விடலாமா என்ற பேச்சும் எழுந்தது.

இது எதிர்பார்க்க வேண்டிய எதிர்ப்பு. டெலோரியேயும் சகாக்களும் ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் செய்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், தாங்களே செய்துபார்த்துப் படித்த மாணவர்கள் தேர்வில் அதிகம் வாங்கினார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள். தேர்ந்த விரிவுரையைக் கேட்டவர்களுக்கு நேர்மாறாக இருந்தது. சரளமாகப் போகும் விரிவுரையைக் கேட்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். தானே தடுக்கி விழுந்து படிக்கும்போது எதுவும் புரியாத மாதிரி இருக்கும். இரண்டு உணர்வையும் நம்பி முடிவெடுக்க முடியாது.

பேராசிரியர் இதை ஒளிக்காமல் வகுப்பில் பேசினார். அந்த ஆய்வைச் சொன்னார், அதோடு அவர்களுடைய சொந்தப் பதில்களையே காட்டினார்: முதல் முறை தேர்ந்தெடுத்தவை, பக்கத்தில் இருப்பவரோடு பேசியபிறகு தேர்ந்தெடுத்தவை, வாரம்வாரமாக. புகாரில் இருந்த ஒரு நியாயத்தையும் ஏற்றுக்கொண்டார். விவாதம் முடிந்தபிறகு சரியான விடை ஏன் சரி என்று ஆசிரியர் வாயால் ஒரு முறை கேட்க வேண்டும் என்று மாணவர்கள் எதிர்பார்த்தார்கள். அதற்குக் கடைசிப் பத்து நிமிடத்தை ஒதுக்கினார். அதன்பிறகு புகார் வரவில்லை. எல்லாரும் மனம் மாறிவிட்டார்கள் என்று அதற்கு அர்த்தம் இல்லை, செமஸ்டர் முடிவுக் கருத்துகளிலும் சிலர் பழைய விரிவுரையே மேல் என்று எழுதியிருந்தார்கள்.

முடிவில் நடந்தது

வகுப்புக்கு முன் கேள்விகளுக்குப் பதில் போட்டவர்கள் மிகச் சிலரிலிருந்து பெரும்பான்மையாக மாறினார்கள். மற்ற பாடங்களின் இடைத்தேர்வு வந்த வாரங்களில் எண்ணிக்கை சரிந்தது, பிறகு ஓரளவு மீண்டது, முழுதாக அல்ல. நேர்வகுப்புக்கு வருகிறவர்கள் குறைவது நின்றது. இறுதித் தேர்வில் திட்டப் பிழை பற்றிய கேள்விக்கு வந்த விடைகளைப் பார்த்துப் பேராசிரியர் மகிழ்ந்தார், ஆனால் முந்தைய ஆண்டின் கேள்வித்தாள் வேறு என்பதால் இதை ஒப்பிட்டு வெற்றி என்று எழுத நான் தயாராக இல்லை. பல மாற்றங்களை ஒன்றாகச் செய்ததால் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்லவும் முடியாது. என் கணிப்பு, வகுப்பில் மறுபடி நடத்துவதை நிறுத்தியதும் கெடுவை நகர்த்தியதும்தான் பெரிய காரணங்கள். வீடியோவை வெட்டியது தனியாக நடந்திருந்தால் யாரும் பார்க்காத குட்டி வீடியோக்கள்தான் கிடைத்திருக்கும்.

இரவு வேலைக்குப் போன மாணவர் தேறினார். கணினி அறைக்கு அவரால் வர முடியவில்லை, மாலை நேரம் அவருக்கு ஒத்துவராது. செய்தி அனுப்பிய மூத்த மாணவரோடு மட்டும் தொடர்பில் இருந்தார், பத்தரைக்கு மேல் கேட்கும் சந்தேகத்துக்கு மறுநாள் காலை பதில் வரும் என்ற நம்பிக்கை அவருக்குப் போதுமானதாக இருந்தது. குறிப்பேட்டை மூடிய மாணவி மறுபடி திறந்தார். விவாதங்களில் அவர்தான் பக்கத்து வரிசைக்கும் சேர்த்து விளக்கிக்கொண்டிருந்தார்.

கடைசிவரை வராத ஒரு சிறு கூட்டம் இருந்தது. சிலர் படிப்பையே விட்டுவிட்டார்கள் என்று பின்னால் தெரிந்தது. இரண்டு பேரை எந்த எண்ணிலும் பிடிக்க முடியவில்லை.

அடுத்த முறை மாற வேண்டியவை

செமஸ்டர் தொடங்குவதற்கு முன்பே பேராசிரியரும் நாங்களும் சேர்ந்து மாணவரின் ஒரு வாரத்தை மணிக்கணக்கில் கூட்டிப் பார்க்க வேண்டும். பாடத்தை வடிவமைக்கும்போதே இதைச் செய்திருந்தால் மூன்றரை மணி நேரம் அன்றே தெரிந்திருக்கும். இது ஒரு பாடத்தோடு நிற்கிற கணக்கும் அல்ல. மாணவர் எடுக்கும் எல்லாப் பாடங்களும் கலப்பு முறைக்குப் போகும்போது ஒவ்வொன்றும் 'வாரம் ஒரு மணி நேரம்தானே' என்று நினைத்தால் யாருடைய காலண்டரிலும் இடம் இருக்காது, துறைகள் தங்களுக்குள் பேசியே ஆக வேண்டும்.

முதல் வாரத்தில் பாடமே வேண்டாம் என்றுகூட நினைக்கிறேன், அல்லது மிகக் குறைவாக. மதிப்பெண் இல்லாத ஒரு போலி வினாத்தேர்வை எல்லாரும் வகுப்பில் உட்கார்ந்து, தங்கள் சொந்தப் போனில் எழுதிச் சமர்ப்பித்துப் பார்க்கட்டும். இரண்டாவது பொத்தான் எங்கே இருக்கிறது என்பதை அங்கே கண்டுபிடித்துக்கொள்ளலாம். வடிவமைக்கும் குழுவும் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் திறந்து சோதித்தபிறகே வெளியிட வேண்டும். பெரிய திரையில் மட்டும் பார்த்ததால்தான் அந்தப் பொத்தான் எங்கள் யார் கண்ணிலும் படவில்லை.

ஏன் இப்படி நடத்துகிறோம் என்ற பேச்சு எதிர்ப்பு வந்தபிறகு நடந்தது, அது முதல் வகுப்பிலேயே நடக்க வேண்டும். மூத்த மாணவர்களின் செய்தியும் அப்படித்தான்: நாலாவது வாரம் முடிந்து ஆரம்பித்தோம், அதற்குள் சிலர் கைக்கு எட்டாத தூரம் போய்விட்டார்கள். அடுத்த செமஸ்டரில் இரண்டாவது வாரத்திலிருந்தே வினாத்தேர்வைத் தவறவிட்டவரிடம் மறுநாளே ஒரு ஆள் பேசுவார், அதற்கான மூத்த மாணவர்களை இப்போதே தேர்ந்தெடுத்துவிட்டோம். அவர்கள் செலவிடும் நேரத்துக்கு ஊதியம் வேண்டும் என்று துறையிடம் கேட்டிருக்கிறோம், இன்னும் பதில் வரவில்லை.